கண்ணுக்காரி

"உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்று கேட்டால் மற்ற பெண்கள், "நல்லா இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். "காலையில ஆறரைக்குப் பாத்தேன். அப்ப நல்லா இருந்தார்" என்பாள். கேட்டவர்கள் முழிப்பார்கள். நானும் முதல் நாள் முழித்தேன். புருஷனோடு ஏதோ மனஸ்தாபம் போல என்று நினைத்துக்கொண்டேன். மனஸ்தாபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆறரைக்கு அப்புறம் அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காததை அவள் சொல்ல மாட்டாள். அவ்வளவுதான்.

அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்கலாம் என்றால் ஆளும் இங்கே இல்லை. கப்பலேறிப் போய் ரொம்ப நாளாகிறது. பிளாண்டில் இருந்தவர்கள் அவளைக் கண்ணுக்காரி என்றுதான் சொல்வார்கள். ராஞ்சிக்காரர்களும் வங்காளிகளும் அதையே இந்தியில் ஆங்க்வாலி என்பார்கள். முதலில் கேலிக்கு வைத்த பேர். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

இந்தத் தீவில் சௌல்தாரிக்குப் போகிற ரோட்டில் ஒரு இடத்தில் பிரிந்து இறங்கினால், உப்பங்கழியோரமாக ஒரு கேஸ் பிளாண்ட். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற சமையல் கேஸை பெரிய தொட்டிகளில் இறக்கி வைத்து, அங்கிருந்து பம்பு போட்டு இழுத்து, சிலிண்டரில் நிரப்பி அனுப்புவார்கள். எனக்கு அங்கே பெருக்குகிற, துடைக்கிற வேலை. காண்ட்ராக்ட் ஆள். ஷாதிபூரிலிருந்து காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் வருவேன். என் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு யார் வீட்டிலும் போய் நிற்காமல் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது அந்தத் துடைப்பு வேலைதான். அதனால் துடைக்கிற வேலையை யாராவது லேசாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். எல்லோருக்கும் துடைக்க வரும் என்று நினைக்கிறார்கள். வராது.

கண்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு அவள் வந்த பிறகுதான் எனக்குக் கண் துடைக்கிற வேலை கிடைத்தது.

கண் என்றால், பிளாண்டில் அங்கங்கே மாட்டியிருந்த பெட்டிகள். சிலிண்டர் நிரப்புகிற ஷெட்டில் இந்தக் கோடியில் ஒரு கம்பம், அந்தக் கோடியில் ஒரு கம்பம். முழங்கால் உயரத்தில் கம்பத்துக்கு ஒரு பெட்டி. ஒன்று வெளிச்சம் விடும், எதிரில் இருப்பது வாங்கிக்கொள்ளும். நம் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது. நடுவில் கேஸ் வந்தால் அது அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் தின்றுவிடுமாம். வர வேண்டியது குறைந்து வந்தால் பெட்டி கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆபீஸ் சுவரில் ஒரு பலகை, அதில் இரண்டு விளக்கு. கண்ணாடி அழுக்காகி, கண்ணால் பார்க்கவே முடியவில்லை என்றால் மஞ்சள் எரியும். பார்த்தேன், கேஸ் இருக்கிறது என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் மணியும் அடிக்கும்.

கூரையில் இருந்தவை வேறு வகை. அவை நெருப்பைப் பார்க்கிற கண்கள். மாதம் ஒரு தடவை ஒரு தனி விளக்கைக் கொண்டுவந்து, ஏணியில் ஏறாமலே கீழே நின்று அவற்றின் முகத்துக்கு நேரே காட்டுவாள். அது நிஜ நெருப்பு என்று நம்பி ஒவ்வொரு கண்ணும் கத்த வேண்டும். கத்தாத கண்ணை அன்றைக்கே இறக்கிவிடுவாள். "வெயில் பட்டா ஏம்மா இது கத்தறதில்ல? வெயிலும் சூடுதானே?" என்று கேட்டேன். "நெருப்புக்கு ஒரு துடிப்பு இருக்கு பெரியம்மா. வெயிலுக்கு அது கிடையாது. இது துடிப்பைப் பாக்குது" என்றாள். அன்றைக்குச் சோறு வடிக்கும்போது ஸ்டவ் நெருப்பைக் குனிந்து பார்த்தேன். ஆமாம், துடிக்கத்தான் செய்தது. நாற்பது வருஷம் அதன் முன்னால் நின்றிருக்கிறேன், கவனித்ததில்லை.

மெயின்லேண்டில் இதைவிடப் பெரிய சங்கதியெல்லாம் உண்டு என்பாள். எண்ணெய்க் குழாய் போகிற வழியெல்லாம் மண்ணுக்குள் தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி நூல் கூடவே ஓடுமாம். அதில் வெளிச்சத்தை விட்டால், எங்கே குழாய் ஒழுகுகிறது, எங்கே எவன் மண்வெட்டி போட்டுத் தோண்டுகிறான் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடுமாம்.

"நீ பாத்தியா?" என்று மடக்கினேன். அவளை மடக்குவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"நூலைப் பாத்தேன். தோண்டுனவனைப் பாக்கலை" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

நாற்பது வயசிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சாதிசனம், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். கராச்சர்மாவில் வீடு. வண்டி ஓட்டும்போதுகூட முதுகை வளைக்க மாட்டாள். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், ஒரு பேனா. கையில் எப்போதும் ஒரு நீள நோட்டு. எந்தக் கண் எப்போது என்ன சொன்னது, ஏன் சொன்னது என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு அதில் எழுதுவாள். கடைசியில் பேர்.

அவள் குணத்தால் ஊரில் அவளுக்குப் பகைதான் மிச்சம். அவள் தெருவிலேயே ஒரு வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீடாயிற்றே என்று இவளிடம் விசாரித்தார்கள். பையன் எப்படி? வேறு யாராக இருந்தாலும், தங்கமான பையன் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இவள், "நான் அவரோட பேசினது மூணு தடவை. அதுல ரெண்டு தடவை குடிச்சிருந்தார்" என்றாள். வந்தவர்கள் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டார்கள். பையனுடைய அம்மா கோயில் வாசலில் வைத்தே இவளைக் கேட்டாளாம், "உன் வாயில புழு விழாதா? மூணாவது தடவை குடிக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று. இவள், "அதையும்தானே சொன்னேன்" என்றாளாம். நிஜம்தான். மூன்றில் இரண்டு என்றால் மூன்றாவது தடவை குடிக்கவில்லை என்று அர்த்தம்தானே. ஆனால் அது யாருக்கு வேண்டும்?

என்னையும் அவள் விட்டு வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தத் தீவில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பூட்டு, அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் மழைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவி வைப்போம். எந்த வீட்டிலும் அதுதான் வைத்தியம். கண்ணின் கண்ணாடியில் தினமும் உப்பு பூத்தாற்போல் படியும். தண்ணீரும் மெத்துத் துணியும் போட்டுத் துடைப்பேன். மத்தியானத்துக்குள் மறுபடியும் படிந்துவிடும். ஒரு நாள் எனக்கு யோசனை வந்தது. வீட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் கொண்டுபோய், கண்ணாடியில் ஒரு துளி விட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். இனி உப்பு ஒட்டாது பார் என்று எனக்கே பெருமை.

ஐந்து நிமிஷம் இருக்காது. சிவப்பு. மணி அலறியது. ஷெட்டில் இருந்தவர்கள் சிலிண்டரைப் போட்டுவிட்டு கேட்டைப் பார்த்து ஓடினார்கள். நானும் ஓடினேன். கையில் எண்ணெய்த் துணியோடு.

அவள் மட்டும் எதிர்த் திசையில் வந்தாள். என் கையைப் பார்த்தாள். துணியை வாங்கி முகர்ந்தாள்.

"தேங்கா எண்ணெயா பெரியம்மா?"

"ஒரு துளிதான்மா. உப்பு படியாம இருக்கட்டும்னு."

மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மதுரைப் பக்கத்து ஆள். என்னை ஆயா என்பார், எனக்குப் பிடிக்காது. "என்ன மேடம் உங்க மெஷின்? எண்ணெய்க்கெல்லாம் மணியடிக்குமா? இது மெஷினா, பைத்தியமா?" என்று கத்தினார்.

"எண்ணெயும் கேஸும் ஒரே வம்சம் சார். வெளிச்சத்துல ரெண்டும் ஒரே இடத்தைத்தான் தின்னும். தூசின்னா மஞ்சள் காட்டியிருக்கும். கண்ணுல எண்ணெய் இருந்துச்சு, எண்ணெய் வகைன்னு சொல்லுச்சு. அது சரியாத்தான் சொல்லுது. நாமதான் சத்தம் போடுறோம்."

 எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நினைப்பு அடுத்த நிமிஷமே போயிற்று. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். தேங்காய் எண்ணெய், துடைத்தவர் இன்னார் என்று என் பேர்.

"ஏம்மா, எழுதணுமா? காண்ட்ராக்டர் கண்ணுல பட்டா என்னை நிறுத்திருவான்மா."

"நடந்ததைத்தானே எழுதுறேன்."

"நடந்ததெல்லாம் எழுதுனா எவ பிழைக்கிறது?"

அவள் எழுதி முடித்து, நேரமும் போட்டு, எனக்குக் காட்டினாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனாலும் என் பேர் எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல வணக்கம் சொல்வாள். நான் சுவருக்கு வணக்கம் சொல்வேன். எண்ணெயை மட்டும் மறுபடியும் தொடவில்லை. ஒரு தப்பை இரண்டாம் தடவை செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பேச்சு மறுபடியும் எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. எப்படியோ தொடங்கிவிட்டது. மூன்று வருஷம் அந்தக் கண்களைத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் கம்பத்தில் தொங்குகிற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் அவள் வைத்த சட்டம்தான்.

அப்புறம் வந்தது அந்த ஆனி மாசம். கடல் கொந்தளித்து, கேஸ் கப்பல் வராமல் ஊரே தவித்துக்கொண்டிருந்தது. ஏஜென்சி வாசலில் காலி சிலிண்டர்களை வரிசையாக வைத்துவிட்டு ஜனங்கள் குடையோடு நின்றார்கள். பஸ்ஸில் என் கழுத்தில் தொங்கிய பிளாண்ட் அட்டையைப் பார்த்தவர்கள் என்னையே திட்டினார்கள். "ஏன் அம்மாஜி, உங்க பிளாண்டுல எல்லாரும் தூங்குறீங்களா? விறகு வெட்ட ஜங்கிளுக்குப் போகட்டுமா நாங்க?" என்று. கடைசியில் கப்பல் வந்தது. மறுநாள் காலையிலிருந்து சிலிண்டர் நிரப்புகிற லைன் முழு வேகத்தில் ஓடியது. அத்தனை வேகத்தில் அது ஓடி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஆறரைக்குக் கண் துடைத்தேன். தண்ணீர், மெத்துத் துணி. கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது மணிக்குச் சிவப்பு.

அவள் ஓடி வந்து பம்பை நிறுத்தினாள். லைன் நின்றது. யாருக்கும் ஒரு வாடையும் வரவில்லை. வராது. அங்கேயே கிடக்கிறவர்கள் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். தொட்டிப் பக்கம் வால்வை அடைத்து வர அவள் போனாள். அந்த நேரத்தில் மேனேஜர் ஒருவனைக் கூப்பிட்டு, ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுத்து, இரண்டு கண்ணாடியையும் துடைக்கச் சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்து டார்ச்சை அடித்துப் பார்க்கும்போது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. சிவப்பும் அணைந்துவிட்டது. அப்புறம் பதினோரு மணி வரை எல்லாரும் கசிவைத் தேடினோம், கிடைக்கவில்லை.

"பாத்தீங்களா? துடைச்சதும் போச்சு. கண்ணாடியிலதான் ஏதோ இருந்திருக்கு" என்றார் மேனேஜர்.

"பம்பு நின்னதாலயும் போயிருக்கலாம் சார்."

"ரெண்டு மணி நேரமா தேடுறோம். ஒரு ஜாயிண்ட் விடலை. எங்கேயாவது கசிவு இருக்கா?"

"நின்ன லைன்ல எப்படி சார் இருக்கும்? அழுத்தம் இறங்கிப் போச்சு. முழு வேகத்துல ஓடும்போது கசியுறது, நிக்கும்போது கசியாது."

"சரி. ஓட்டிப் பாத்துருவோம்."

"கேஸை விட்டு, ஆளை நிக்க வச்சுப் பாக்கக்கூடாது. நைட்ரஜன் விடணும். அது தீப்பிடிக்காது. அழுத்தம் ஏத்தி, ஜாயிண்ட் ஜாயிண்டா சோப்புத் தண்ணி போட்டுப் பாக்கணும். ஒரு நாள் ஆகும்."

"ஒரு நாளா? ஊரு என்னைக் கொளுத்திரும் மேடம்!"

 பலகைக்குக் கீழே ஒரு பூட்டு உண்டு. சாவி போட்டு அதைத் திருப்பிவிட்டால் கண் எதைக் கண்டாலும் சிவப்பும் எரியாது, மணியும் அடிக்காது. அந்தச் சாவி அவளிடம் இருந்தது. மேனேஜர் கையை நீட்டினார். அவர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றாள். கொடுக்கவில்லை.

அப்போதுதான் அவர் அலமாரியிலிருந்து அவளுடைய பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். புரட்டி, மூன்று வருஷத்துக்கு முந்தின பக்கத்தைக் கண்டுபிடித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே? தேங்காய் எண்ணெய். எண்ணெய்னா சிவப்பு வரும்னு நீங்கதான் அன்னைக்கு எனக்குப் பாடம் எடுத்தீங்க. ஆயா இன்னைக்கும் போட்டிருக்கு. முடிஞ்சுது விஷயம்."

மளமளவென்று இங்கிலீஷில் ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையது, அவளுடையது. போட்டால் லைன் உடனே ஓடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. போடாவிட்டால் இரண்டு பேரும் பிளாண்ட் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"என்ன போட்டிருக்குன்னு படிம்மா" என்றேன் அவளிடம்.

படித்தாள். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கிற குரலில் தமிழில் சொன்னாள். துப்புரவுப் பணியாளர் கண்ணாடியில் எண்ணெய் தடவியதால் தவறான மணி அடித்தது. கசிவு எதுவும் இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "நீ சொல்லும்மா இவருக்கு. நான் எண்ணெய் போட்டிருப்பேனா? மூணு வருஷமா பாக்கறேல்ல?"

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவளுக்கு அது தெரியும்.

"இன்னைக்குக் காலையில நீங்க துடைச்சதை நான் பாக்கலை பெரியம்மா" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கிறதோ. எனக்கு அந்த இடத்திலேயே அவள் முகத்தில் துப்பலாம் போல இருந்தது. மூன்று வருஷம் ஒரே டப்பாவில் ஊறுகாய் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோம். என் மகளுக்குப் பிரசவம் என்றதும் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். பாக்கலை என்கிறாள்!

மேனேஜர் பேனாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். "போடு ஆயா. சின்னக் கையெழுத்து. உனக்கு வேலை இருக்கும்."

நான் பேனாவை எடுத்து மூடி, அவர் பக்கம் வைத்தேன்.

"சார், காலையில ஆறரைக்கு நான் துடைச்சேன். தண்ணியும் துணியும்தான். எண்ணெய் தொடலை. இவ பாக்கலை, நீங்களும் பாக்கலை, ஆனா நான் பாத்தேன். என் கையைத்தானே பாத்தேன். நான் சுத்தமா துடைச்ச கண்ணாடியை அழுக்குன்னு எழுதி, அதுக்குக் கீழ என் பேரா? எனக்குத் தெரிஞ்ச எழுத்தே அந்த அஞ்சாறு எழுத்துதான். அதைப் பொய்க்குப் போட மாட்டேன். இன்னொண்ணு. என்னை ஆயான்னு சொல்லாதீங்க."

அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"நீங்க?" என்றார் அவளிடம்.

"எண்ணெயை நான் பாக்கலை சார். கசிவு இல்லைங்கறதையும் பாக்கலை. பாக்காததுக்குக் கையெழுத்து கிடையாது." அவள் அட்டை என் அட்டைமேல் விழுந்தது. சாவியைப் பையிலிருந்து எடுத்தாள். "இதைக் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஒப்படைக்கிறேன். வாங்குறவங்க பேரு, நேரம் எழுதணும். நீங்களே வாங்கிக்கறீங்களா?"

மேனேஜர் சாவியை வாங்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, பம்பு ஓட்டுகிற ராஞ்சிக்காரரைப் பார்த்துக் கத்தினார். "பம்பைப் போடு!"

அந்தப் பெரியவர் முப்பது வருஷமாகப் பம்பு ஓட்டுகிறவர். ஆங்க்வாலி என்ற பேரை வைத்ததே அவர்தான். கண் கத்தும்போதெல்லாம், "உன் சக்களத்தி கூப்பிடுறா, ஓடு" என்று அவளைக் கிண்டல் செய்கிறவர். இந்தியிலேதான் பேசுவார், நாங்களும் அப்படியே. வாயில் இருந்ததை ஓரமாகத் துப்பிவிட்டு, நிதானமாக வந்தார்.

"போடுறேன் சாப். எண்ணெய்தானே, கேஸ் இல்லையே?"

"கேஸ் இல்லைன்னுதானே சொல்றேன்!"

"அப்ப ஆப் பீ ஆயியே. நீங்களும் வாங்க. பம்புக்குப் பக்கத்துல என் ஸ்டூல் இருக்கு. அதுல உக்காருங்க. நான் பட்டனை அமுக்குறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் பம்பு இருந்த பக்கம் பார்த்தார். பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடியை அவர் போகவில்லை. போனை எடுத்தார், உள்ளே வைத்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  நாங்கள் எல்லாரும் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நைட்ரஜனுக்குச் சொல்லுங்க" என்றார் கடைசியில். யாரிடம் என்று இல்லாமல்.

அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேஜையிலிருந்து அவரவர் எடுத்து மாட்டிக்கொண்டோம்.

மறுநாள் லைனில் நைட்ரஜனை விட்டு அழுத்தம் ஏற்றினார்கள். சோப்புத் தண்ணீர் வாளி என் கையில். ஜாயிண்ட் ஜாயிண்டாகத் துணியால் நனைத்துக்கொண்டே போனேன். அவள் கூடவே டார்ச் அடித்து வந்தாள். நான் அவளோடு பேசவில்லை. மேலே எல்லாம் சுத்தம். பம்பிலிருந்து வெளியே வருகிற குழாய் வளைந்து இறங்குகிற இடத்தில், அடிப்பக்கம், சாக்கடையைப் பார்த்தாற்போல் ஒரு ஜாயிண்ட். நின்றுகொண்டு தேடுகிறவர்களுக்கு அது தெரியாது. தினமும் அந்தச் சாக்கடையைக் குனிந்து பெருக்குகிறவள் நான். கையை உள்ளே விட்டு நனைத்தேன். தரையில் மண்டியிட்டு, கன்னம் ஈரத்தில் பட, பார்த்தேன்.

கடுகு மாதிரி ஒரு நுரை. அது மிளகானது. உடைந்தது. மறுபடியும் கடுகு.

"இங்க" என்றேன்.

அவளும் அப்படியே தரையில் படுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து, மணியைப் பார்த்து எழுதினாள். கண்டுபிடித்தவர் என்று என் பேரை எழுதினாள். நான் அதற்கு மசியவில்லை.

"நேத்து எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லியிருப்பார் பெரியம்மா. உங்க பேச்சும் சேந்து எடுபடாம போயிருக்கும்." நோட்டை மூடிவிட்டு, "அதை நினைச்சு நான் அப்படிச் சொல்லலை. அது இப்பதான் தோணுது. நான் பாக்கலை, அதான் சொன்னேன்" என்றாள்.

நல்ல பேராவது எடுத்துக்கொள்வாள் என்று பார்த்தால் அதையும் அவளே கெடுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோப்பு வாளியோடு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா? சின்னதுதானே."

"சின்னதுன்னே எழுதறேன் சார். எவ்வளவு சின்னதுன்னு நீங்க குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவர் குனியவில்லை.

இதோடு முடித்தால் அவளைத் தெய்வமாக்கிவிட்ட மாதிரி இருக்கும். அவள் அப்படி இல்லை. அவள் தப்பும் செய்தாள்.

இரண்டு மாசம் கழித்து மழை கொஞ்சம் ஓய்ந்தபோது, ஷெட்டுத் தூண்களுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். லைன் ஓடாத நாளாகப் பார்த்து அடித்திருக்க வேண்டும். ஒரு மூலைதானே என்று அவளே சீட்டு எழுதி அனுமதி கொடுத்தாள். பெயிண்டர், பெயிண்டில் கலக்கிற தின்னர் டப்பாவைத் திறந்து கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். தின்னர் ஆவியும் அதே வம்சம்தானே. சிவப்பு. மணி. எல்லாரும் ஓட்டம். அவள் பம்பை நிறுத்தினாள். டப்பா கிடந்ததையும் பார்த்தாள். அதனால்தான் சிவப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் விடவில்லை. டப்பாவை வெளியே எடுத்துப் போட்டு, அதற்குப் பின்னாலும் நைட்ரஜன், சோப்பு, ஜாயிண்ட் ஜாயிண்டாக. அன்றைக்கு முழுக்க ஒரு சிலிண்டர் போகவில்லை. ஒரு நுரையும் வரவில்லை.

மேனேஜருக்குப் பண்டிகை வந்த மாதிரி. சாயங்காலம் எல்லாரும் கிளம்புகிற நேரமாகப் பார்த்து வாசலில் நின்றுகொண்டார்.

"என்ன மேடம், இன்னைக்குக் கண்ணு என்ன சொல்லுச்சு?"

"தின்னரைச் சொல்லுச்சு சார்."

"அனுமதி யாரு குடுத்தது?"

"நான்."

"அப்ப தப்பு யாரோடது?"

"என்னோடது. எழுதிட்டேன்."

அவர் ராஞ்சிக்காரரைப் பார்த்து, என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அவள் முகம் சிவந்துதான் இருந்தது. வெட்கம்தான். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் முதுகு வளையவில்லை.

"இனிமேலாவது டப்பா கிடந்தா டப்பான்னு புரிஞ்சுக்கிட்டு லைனை விடுவீங்களா? இல்ல, நாளைக்குச் சிவப்பு வந்தா நாளைக்கும் நிறுத்துவீங்களா?"

"நாளைக்கும் நிறுத்துவேன் சார்."

"அதுவும் தப்பா இருந்தா?"

அவள் நோட்டைத் திறந்து, எழுதின பக்கத்தைத் தள்ளி, மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களைக் கட்டை விரலால் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அதையும் எழுதுவேன்" என்றாள். "இடம் இருக்கு."